சாவடிப் பட்டியலும் கடன் நோட்டும்



மக்களவைத் தேர்தலின் வாக்குகள் 2024 ஜூன் 4 அன்று எண்ணப்பட்டன. மறுநாள் சுபுஹு தொழுகை முடிந்து, மக்தபுப் பிள்ளைகள் வந்து சேருமுன், நம்மிடம் முன்பு ஓதிய இளைஞர் ஒருவர் பள்ளிவாசல் படியில் காத்திருந்தார். இப்போது போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிறார். இரவெல்லாம் விழித்த களைப்பும் மகிழ்ச்சியும் அவர் முகத்தில் ஒருங்கே தெரிந்தன. கைப்பேசியை நம்மிடம் நீட்டினார்.

"ஹஜ்ரத், இதப் பாருங்க. எந்தப் பூத்துல யாருக்கு எத்தனை ஓட்டுன்னு வந்திருச்சு."

வாக்கு எண்ணும் மேசைகளில் அமர்ந்திருந்த முகவர்கள் கையால் எழுதிய தாள்களைப் படம் பிடித்து யாரோ அனுப்பியிருக்கிறார்கள். நம் இளைஞர் அத்துடன் நில்லாமல், ஒவ்வொரு சாவடிக்கும் பச்சை, சிவப்பு என்று நிறம் தீட்டியிருந்தார். நமக்கு ஆதரவாக நின்ற இடம் பச்சை. எதிராக நின்ற இடம் சிவப்பு. போடி நகரின் தெருக்கள், கொட்டக்குடி, குரங்கணி, அதற்கும் மேலே மலைச்சரிவில் உள்ள சிற்றூர்கள் என்று எல்லாம் அந்தத் தாளில் இருந்தன. இம்முறை பச்சையே மிகுதி. தேனித் தொகுதியில் உதயசூரியன் சின்னத்தில் நின்ற தங்க தமிழ்ச்செல்வன், குக்கர் சின்னத்தில் நின்ற டி.டி.வி. தினகரனை 2,70,000-க்கும் மேற்பட்ட வாக்குகள் வித்தியாசத்தில் வென்றிருந்தார். தமிழகத்தின் 39 தொகுதிகளும் ஒரே அணிக்குப் போயிருந்தன. நாட்டளவில் 303 இடங்களோடு ஆண்ட கட்சி 240-இல் நின்றுவிட்டது.

நமக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது, மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் அந்தச் சிவப்புக் கட்டங்களைக் கண்டதும் ஐந்து ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு ரமளான் இரவு நினைவுக்கு வந்தது. அதை எழுதுவதற்கே இக்கட்டுரை. அதில் நம்முடைய பிழையும் ஒன்று இருக்கிறது.

2019 மே 23. ரமளான் பிறை பதினேழை ஒட்டிய நாள். பத்ருப் போர் குறித்துப் பள்ளிவாசல்களில் பயான் நடக்கும் நேரம். அன்று வெளியான முடிவில் தமிழகம் முழுவதும் ஒருபுறம் சாய, நம் தேனி மட்டும் மறுபுறம் நின்றது. தேர்தல் நடந்த 38 தொகுதிகளில் 37 தி.மு.க. அணிக்கு, எஞ்சிய ஒன்று நம்முடையது. பாரதிய ஜனதாவோடு கூட்டு வைத்திருந்த அ.தி.மு.க.வின் சார்பில் நின்ற ரவீந்திரநாத் குமார், காங்கிரஸின் ஈ.வெ.கி.ச. இளங்கோவனை 76,000-க்கும் மேற்பட்ட வாக்குகளில் வென்றார். கீழக்கரையிலிருந்தும் வாணியம்பாடியிலிருந்தும் உறவினர்களும் நண்பர்களும் தொலைபேசியில் அழைத்து, "உங்க ஊருக்கு என்னதான் ஆச்சு?" என்று கேட்டார்கள். துக்கம் விசாரிப்பது போலவே இருந்தது அவர்கள் குரல்.

மூன்று நான்கு நாட்கள் கழித்து, தராவீஹ் தொழுகைக்குப் பின் ஒருவர் நம்மைத் தேடி வந்தார். குரங்கணியில் மளிகைக் கடை வைத்திருப்பவர். அந்த ஊரை அறியாதவர்களுக்காகச் சில வரிகள்: போடியிலிருந்து கொட்டக்குடி ஆற்றை ஒட்டியே மேற்கே செல்லும் சாலை குரங்கணியோடு முடிந்துவிடும். அதற்கு மேல் மலைதான். ஒரு காலத்தில் மூணாறு பக்கத்துத் தேயிலை, டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் இங்கே இறங்கிப் போடி வழியாக வெளியுலகம் போயிற்று. 1924-இன் பெருவெள்ளம் மேலே இருந்த மலை ரயிலை அழித்தது. டாப் ஸ்டேஷன், சென்ட்ரல் ஸ்டேஷன் என்ற பெயர்கள் அந்தக் காலத்தின் மிச்சம். இன்றும் மேலே உள்ள சிற்றூர்களுக்கு அரிசியும் உப்பும் சுமைக் குதிரைகளில் போகின்றன. தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு இயந்திரமும் குதிரையில்தான் போகிறது. செய்தித்தாள்கள் ஒவ்வொரு முறையும் அந்தப் படத்தைப் போடுகின்றன, பிறகு ஐந்து ஆண்டுகளுக்கு அந்த ஊர்களை மறந்துவிடுகின்றன.

அம்மக்களுக்கு அரிசி கொடுப்பது இந்தக் கடை போன்ற சில கடைகளே. பெரும்பாலும் கடன். காப்பியும் மிளகும் இலவம் பஞ்சும் விற்றுக் காசு வரும்போது அடைப்பார்கள். மே, ஜூன் மாதங்களில் கையில் காசு இராது. பள்ளிக்கூடம் திறக்கும் செலவு வேறு. கடைக்காரரின் அத்தா காலத்திலிருந்தே, ஊருக்கு ஒரு பக்கம் ஒதுக்கி எழுதி வைத்த கடன் நோட்டு அங்கே உண்டு. அந்த நோட்டைத்தான் அன்று இரவு கையோடு கொண்டு வந்திருந்தார். அதன் நடுவே மடித்து வைத்த ஒரு தாள்: வாக்கு எண்ணிக்கைக்கு முகவராகப் போயிருந்த அவருடைய மச்சான் எழுதிக் கொடுத்த சாவடிக் கணக்கு.

"மேல் ஊர்க்காரங்க ஓட்டுப் போடுற பூத்துல எலைக்குத்தான் கூட விழுந்திருக்கு ஹஜ்ரத். நம்ம அரிசியத் தின்னுட்டு நமக்கு எதிரா குத்தியிருக்காங்க. இனி இவங்களுக்குக் கடன் இல்லன்னு சொல்லிரலாம்னு இருக்கேன். மார்க்கத்துல இது கூடுமா?"

நாம் என்ன சொல்லியிருக்க வேண்டும்? கற்றவை எல்லாம் நாவின் நுனியில் இருந்தன. ஆனால் நம் மனமும் அன்று கசந்துதான் கிடந்தது. "கடன் கொடுப்பது கட்டாயக் கடமை அல்ல, நன்மையான செயல். உங்கள் கடை, உங்கள் விருப்பம்" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். ஃபிக்ஹுச் சட்டத்தின் எழுத்தை மட்டும் பார்த்தால் அந்தப் பதிலில் பிழை இல்லை. ஆனால் அவர் கேட்டது சட்டத்தின் எழுத்தை அன்று என்பது நமக்குத் தெரியும். தம் கோபத்திற்கு ஓர் ஆலிமின் அனுமதி வேண்டியிருந்தது அவருக்கு. நாம் அதைக் கொடுத்தோம்.

நோன்புப் பெருநாளுக்கு இரண்டு நாள் முன்பு, மேல் ஊரிலிருந்து முதியவர் ஒருவர் குதிரையோடு இறங்கி வந்தார். கடன் இல்லை என்ற செய்தி அவருக்கு முன்பே எட்டியிருந்தது. யாரிடமோ வட்டிக்கு வாங்கிய பணத்தை எண்ணி வைத்து, பழைய பாக்கி முழுவதையும் அடைத்துவிட்டுக் கேட்டாராம்: "பாய், எங்க மேல என்ன கோவம்?"

கடைக்காரர் தாளை எடுத்துக் காட்டினார். பெரியவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது, வாசித்துச் சொன்னார். பெரியவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நான் கைக்குத்தான் போட்டேன். என் மகன் எலைக்குப் போட்டான், எம்.எல்.ஏ. மகன் ஜெயிச்சா ரோடு வரும்னு சொன்னான். மருமக யாருக்குப் போட்டுச்சுன்னு நான் கேக்கல. இதுல எங்க மூணு பேருல யாருக்கு அரிசி கெடையாது?" என்றாராம்.

அந்தக் கேள்வியைக் கடைக்காரர் நம்மிடம் வந்து சொன்னபோது பெருநாள் தக்பீர் ஒலித்துக்கொண்டிருந்தது. அவர் நம்மைக் குறை கூறவில்லை. கூறியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

இதே மலையில் 2018 மார்ச் 11 அன்று காட்டுத் தீ மூண்டது. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பகுதிகளிலிருந்தும் மலையேற வந்தவர்களில் 23 உயிர்கள் போயின. ஹெலிகாப்டர்கள் வருமுன்னரே இருட்டில் மேலேறிப் போர்வையில் கட்டித் தூக்கி வந்தவர்களில் உள்ளூர் மக்கள் முன்னே நின்றார்கள். அன்றிரவு தம் கடையைத் திறந்து வைத்துத் தண்ணீரும் ரொட்டியும் கொடுத்தவர் இதே கடைக்காரர். மேல் ஊர்க்காரர்களின் கை கால்களில் கரியும் கொப்புளமும் கண்டவர். பதினான்கு மாதங்களில் அந்தக் கைகளை ஒரு தாள் மறக்கச் செய்துவிட்டது.

இங்கே தேர்தல் கணக்கையே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். 2019-இல் நம் தொகுதியில் வென்றவருக்கு விழுந்த வாக்குகளைவிட, விழாத வாக்குகளே அதிகம். இளங்கோவனுக்கும், 1,40,000-க்கும் மேல் பெற்று மூன்றாமிடம் வந்த அ.ம.மு.க. வேட்பாளருக்கும் விழுந்தவற்றைக் கூட்டினாலே அது விளங்கும். அந்த மூன்றாமிடத்துக்காரர்தாம் 2024-இல் வென்ற தங்க தமிழ்ச்செல்வன். அன்று அவர் நின்றது தினகரனின் கட்சியில். 2024-இல் தோற்கடித்தது அதே தினகரனை. தலைவர்கள் ஐந்தாண்டில் இப்படி இடம் மாறுகிறார்கள். நாமோ அவர்கள் சின்னத்தில் ஒரு நாள் விரல் வைத்த ஏழைக் குடியானவனை ஆயுளுக்கும் ஒரு பக்கத்தில் நிறுத்துகிறோம்.

மற்றொன்று. 2019 ஏப்ரல் 18 அன்று, நம் மக்களவைத் தொகுதிக்குள் அடங்கிய ஆண்டிபட்டியிலும் பெரியகுளத்திலும் சட்டமன்ற இடைத்தேர்தலும் சேர்ந்தே நடந்தது. அதே மக்கள், அதே சாவடியில், அதே நாளில் இரண்டு இயந்திரங்களை அழுத்தினார்கள். இரண்டு சட்டமன்ற இடங்களிலும் தி.மு.க. வென்றது, மக்களவை இடம் அ.தி.மு.க.வுக்குப் போயிற்று. ஆண்டிபட்டியில் நேரெதிராக நின்றவர்கள் உடன்பிறந்த சகோதரர்கள் என்பது தனிக்கதை. ஒரே மனிதன் ஒரே நிமிடத்தில் இரண்டு விதமாகத் தீர்ப்பளிக்கிறான் என்றால், அந்த இரண்டில் எதை அவன் உள்ளம் என்று எடுத்துக்கொள்வது?

இன்னும் பின்னோக்கிப் போனால் நாம் வெட்கப்பட வேண்டிய அளவுக்கு நம் அயலார் நமக்குச் செய்திருக்கிறார்கள். 2011 கணக்கெடுப்பின்படி தேனி மாவட்டத்தில் முஸ்லிம்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. ஆனால் தேனித் தொகுதியாக மாறுவதற்கு முன் பெரியகுளம் என்று அழைக்கப்பட்ட தொகுதி, 1967-இல் சுதந்திராக் கட்சியின் அஜ்மல் கானை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. 1971-இல் முஸ்லிம் லீகின் எஸ்.எம். முஹம்மது ஷெரீஃப் சாஹிபை அனுப்பியது. 2004-இல் ஜே.எம். ஆரூண் ரஷீத், பதவியில் இருந்த தினகரனை வென்றார். தொகுதியின் பெயர் தேனி என்று ஆன பிறகு 2009-இல் மீண்டும் அவரே. அம்முறை 6,000 சொச்சம் வாக்குகளே வித்தியாசம். தோற்றவர், அப்போது இரட்டை இலையில் நின்ற இதே தங்க தமிழ்ச்செல்வன். நான்கு முறை முஸ்லிம் ஒருவர் வென்ற இடம் இது. நம் வாக்கைக் கொண்டு மட்டும் அவர்களில் ஒருவரும் வைப்புத் தொகையைக்கூடக் காப்பாற்றியிருக்க முடியாது.

"அது கூட்டணிக் கணக்கு ஹஜ்ரத், நம் மீதுள்ள அன்பினால் அல்ல" என்று இளைஞர்கள் சொல்வார்கள். உண்மைதான். 2009-இல் கை சின்னத்தில் குத்தியவர்கள் நம்மை நேசித்துக் குத்தினார்கள் என்று நாமும் சொல்லவில்லை. ஆனால் 2009-ஐக் கூட்டணிக் கணக்கு என்று சொல்பவர், 2019-ஐ மட்டும் வெறுப்புக் கணக்கு என்று எப்படிச் சொல்லலாம்? அளவுகோல் ஒன்றாக இருக்க வேண்டாமா? அளப்பதில் குறை செய்வோரைக் குறித்து அல்லாஹ் ஒரு சூராவையே அதன் பெயரால் இறக்கியிருக்கிறான். ஏலக்காய்த் தராசுக்கு மட்டும் உரியதன்று அது.

இப்போது சாவடிப் பட்டியலுக்கு வருவோம்.

நம் நாட்டுச் சட்டம் வாக்கின் இரகசியத்தைக் காக்கச் சொல்கிறது. 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் அதற்கென்றே பிரிவுகள் உண்டு. எந்த நீதிமன்றமும் ஒரு மனிதனிடம் நீ யாருக்கு வாக்களித்தாய் என்று கேட்க இயலாது. வாக்குச்சீட்டுக் காலத்தில், மக்கள் அச்சத்துக்கு உள்ளாகக்கூடிய பகுதிகளில் பல பெட்டிகளின் சீட்டுகளை ஒன்றாகக் கலந்து எண்ணுவதற்கும் விதி இருந்தது. எந்த ஊர் எப்படிப் போட்டது என்று ஒருவருக்கும் தெரியாமல் இருப்பதற்காக. இயந்திரம் வந்தபின் ஒவ்வொரு இயந்திரமாகவே எண்ணுகிறார்கள். பதினான்கு இயந்திரங்களை இணைத்துக் கூட்டுத்தொகையை மட்டும் காட்டும் கருவி ஒன்றைப் பயன்படுத்தலாம் என்று தேர்தல் ஆணையம் 2008-இல் முன்மொழிந்தது. சட்ட ஆணையமும் 2015-இல் அதை ஏற்றுப் பரிந்துரைத்தது. நடைமுறைக்கு வரவில்லை. நகரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்காளர் உள்ள சாவடிக்கு இதனால் பெரிய கேடு இல்லை. மலைமேல் சில நூறு பேர் மட்டும் வாக்களிக்கும் சாவடியில் பட்டியல் என்பது ஊரையே வெட்டவெளியில் நிறுத்துவதாகும். தெரு விளக்கும் பாதையும் கேட்டு அலையும் அந்த மக்களை அரசியல்வாதிகள் அந்தப் பட்டியலைக் காட்டியே மிரட்டக்கூடும். அதே பட்டியலைக் கொண்டு மளிகைக் கடைக்காரரும் மிரட்டினால்?

அல்ஹுஜுராத் சூராவின் பன்னிரண்டாம் வசனத்தை நம் பிள்ளைகள் மனனம் செய்திருக்கிறார்கள். மூன்று விலக்கல்கள் அங்கே அடுத்தடுத்து வருகின்றன: தீய எண்ணம் கொள்ளல், துருவி ஆராய்தல், புறம் பேசுதல். அந்த வரிசையை நாம் கவனிக்க வேண்டும். முதலில் ஒருவன் அயலானைக் குறித்து மனத்தில் ஓர் ஐயம் வளர்க்கிறான். பின் அதை உறுதி செய்ய அவனுடைய மறைவான செய்தியைத் தோண்டுகிறான். கிடைத்ததை எடுத்துக்கொண்டு நாலு பேரிடம் போகிறான். வாக்கு எண்ணிக்கைக்கு மறுநாள் நம் இளைஞர்களின் கைப்பேசிகளில் நடப்பது இதே வரிசைதான். 'தஜஸ்ஸுஸ்' என்றால் சுவருக்கு அப்பால் காது வைப்பது மட்டும் என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

போர்க்களத்தில் கலிமாச் சொன்ன ஒருவனை, உயிருக்குப் பயந்து சொன்னான் என்று கருதி உஸாமா (ரலி) வெட்டிவிட்ட நிகழ்வு நமக்குத் தெரியும். அவன் உள்ளத்தைப் பிளந்து பார்த்தீரா என்ற பொருளில் நபிகள் நாயகம் (ஸல்) அவரிடம் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். தாம் அந்நாளில்தான் இஸ்லாத்தை ஏற்றிருக்கக் கூடாதா என்று உஸாமா ஏங்கும் அளவுக்கு அந்தக் கேள்வி அவரை வாட்டியது. வாள் கையிலிருந்த நேரத்தில், எதிர்ப்படையில் நின்ற ஒருவனுடைய உள்ளத்தைப் பற்றிய தீர்ப்புக்கே இந்தக் கண்டிப்பு. அரிசி வாங்க வந்தவனின் உள்ளத்தை நாம் ஒரு கூட்டல் கணக்கில் தீர்த்துவிடுகிறோம்.

நமக்கு வலிக்கக் கூடாதா, என்று கேட்பவர்களுக்கு: வலிக்கத்தான் செய்யும். முடிவுகளுக்கு விளைவுகள் உண்டு. 2019 ஜூலையில் முத்தலாக் மசோதா மக்களவைக்கு வந்தபோது நம் தொகுதியின் உறுப்பினர் எழுந்து அதை ஆதரித்துப் பேசினார். மாநிலங்களவையில் அவருடைய கட்சியே எதிர்த்துப் பேசி வெளிநடப்புச் செய்த மசோதா அது. அவ்வாண்டு டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் மாநிலங்களவையில் 125-க்கு 105 என்று நிறைவேறியபோது, அந்த 125-இல் அ.தி.மு.க.வின் வாக்குகளும் இருந்தன. நம் தாய்மார்கள் பிறப்புச் சான்றிதழைத் தேடிப் பெட்டிகளைக் கவிழ்த்த நாட்களை மறந்துவிட்டோமா? மறக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை.

ஆனால் அதற்குக் கணக்குக் கேட்க வேண்டிய இடம் எது? வாக்களித்த உறுப்பினரிடம் கேட்கலாம். அவர் கட்சியிடம் கேட்கலாம். மனு, வழக்கு, அமைதியான போராட்டம் எல்லாம் திறந்திருக்கின்றன. இதே தொகுதி வாக்காளர் ஒருவர் தொடுத்த வழக்கில்தான் 2023 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த 2019 வெற்றியைச் செல்லாது என்று தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் பின்னர் தடை விதித்தது வேறு விஷயம். அயோத்தியை உள்ளடக்கிய ஃபைசாபாத் தொகுதியில் இம்முறை என்ன நடந்தது என்று எல்லோரும் வியந்து பேசுகிறோம். ஆளும் கட்சி அங்கே சமாஜ்வாதிக் கட்சியின் அவதேஷ் பிரசாத்திடம் தோற்றது. ஐந்தாண்டுக்கு முன் வேறு விதமாக வாக்களித்த இந்துச் சகோதரர்கள் பலர் இம்முறை மாற்றிப் போடாமல் அது நடந்திருக்குமா? அவர்களுக்கு அங்கே யாரும் அப்போதே அரிசியை நிறுத்தியிருந்தால்?

மார்க்க நோக்கில் வாக்கு என்பது என்ன என்பதையும் இங்கே சொல்லிவிடுவது நல்லது. மறைந்த முஃப்தி முஹம்மது ஷஃபீ அவர்கள் தம் மஆரிஃபுல் குர்ஆன் விரிவுரையில் வாக்கைச் சாட்சியம் என்றும், பரிந்துரை என்றும், பிரதிநிதி நியமனம் என்றும் மூன்று விதமாக விளக்குகிறார்கள். சாட்சியம் என்றால் அது அவரவர் நெஞ்சுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையிலான அமானிதம். கணவர் மனைவியிடம், மாமியார் மருமகளிடம், "யாருக்குப் போட்டாய், குர்ஆன் மீது சத்தியம் செய்" என்று கேட்கும் வழக்கம் நம் சில வீடுகளில் இருப்பதை அறிவோம். அந்த மலைக்கிராமத்துப் பெரியவர் தம் மருமகளிடம் கேட்காமல் விட்டாரே, அந்த நாகரிகம் நமக்கும் வேண்டும்.

சாட்சியம் என்று ஒப்புக்கொண்டால் இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டிவரும். போடிமெட்டுக்கு அப்பால் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை ஏலத் தோட்டங்களில் வேலையும் வீடும் வைத்திருப்போர் நம்மிலும் பலர். அவர்களில் சிலரிடம் இங்கே ஒரு வாக்காளர் அட்டையும் கேரளத்தில் ஒரு வாக்காளர் அட்டையும் உண்டு. 2024-இல் தமிழகத்தில் ஏப்ரல் 19, இடுக்கியில் ஏப்ரல் 26. ஒரு வார இடைவெளி. (இரண்டும் வெள்ளிக்கிழமை, ஜும்ஆவையும் வரிசையையும் சமாளிக்கப் பட்ட பாடு தனி.) நல்ல அணிக்குத்தானே இரண்டு வாக்கும் போகிறது என்று அதை நியாயப்படுத்துவோர் இருக்கிறார்கள். ஒரே நிகழ்வுக்கு இரண்டு பெயரில் சாட்சி சொல்பவனை எந்தக் காழி ஏற்பார்? சட்டத்திலும் ஒருவர் பெயர் ஒரு தொகுதிக்கு மேல் இருக்கக் கூடாது. பொய் உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறை உண்டு. மேல் ஊர்க்காரன் நேர்மையாகப் போட்ட ஒரே ஒரு வாக்கைப் பழிக்கும் வாய், நம் வீட்டு இரண்டாவது அட்டையைப் பற்றி மௌனம் காப்பது அழகல்ல. அடுத்த பட்டியல் திருத்தத்தின்போது ஒன்றை நீக்க விண்ணப்பம் கொடுங்கள்.

 அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, யூதரான அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று அவர் கேட்டதாக ஹதீஸ் நூல்களில் வருகிறது. அண்டை வீட்டாரைக் குறித்து ஜிப்ரீல் (அலை) வலியுறுத்திக்கொண்டே இருந்த செய்தியை அதற்குக் காரணமாக அவர் சொன்னார். அந்த அண்டை வீட்டார் மதீனாவின் அரசியலில் எந்தப் பக்கம் இருந்தார் என்று அந்த அறிவிப்பில் எங்கும் இல்லை.

குரங்கணிக் கடைக்காரர் 2019 பெருநாளன்று தொழுகை முடிந்ததும் பிரியாணித் தூக்கோடு மலையேறினார். நாமும் உடன் போனோம். ஏறுவதற்கு நமக்கு நெடுநேரம் பிடித்தது. வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்துவிட்டோம். பெரியவர் வீட்டில் எங்களுக்குப் பால் இல்லாத காப்பி கொடுத்தார்கள். வட்டிக்கு வாங்கி அடைத்த பணத்தைக் கடைக்காரர் திருப்பிக் கொடுத்து, பழைய பாக்கியைப் பழையபடியே நோட்டில் எழுதிக்கொண்டார். நாம் நம் பதிலுக்காக அந்தப் பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டோம். எந்தப் பதில், எதற்கு மன்னிப்பு என்று அவருக்கு விளங்கவில்லை. விளக்கிச் சொல்லவும் நமக்கு நா எழவில்லை.

இவற்றையெல்லாம் 2024 ஜூன் 5-ஆம் தேதி காலையில் அந்த இளைஞரிடம் சொன்னோம். கேட்டுவிட்டுக் கைப்பேசியிலிருந்த பட்டியலைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சிவப்புத் தீட்டிய சாவடிகளில் ஒன்று, அவருடைய அம்மா இருபது ஆண்டுகளாகப் பால் வாங்கும் வீடு இருக்கும் தெருவுடையது.

"அழிச்சிர்றேன் ஹஜ்ரத். ஆனா மூணு குரூப்புக்கு அனுப்பிட்டேனே?"

அனுப்பிய இடங்களிலும் நீக்கச் சொன்னோம். மாலைக்குள் இரண்டு குழுக்களிலிருந்து எடுத்துவிட்டதாக வந்து சொன்னார். மூன்றாவதில் பட்டியலை வேறு பலர் எடுத்துப் பகிர்ந்திருந்தார்கள். அவர் நீக்கியும் பயனில்லை. அந்தக் குழுவை நடத்துபவர் நம் ஜமாஅத்தின் பொறுப்பாளர்களில் ஒருவர், நம்மைவிட மூத்தவர். அவரிடம் நாம்தான் பேச வேண்டும். இந்த ஜும்ஆ முடிந்ததும், இன்ஷா அல்லாஹ், பேசுவோம்.